பேச்சு முடிந்ததும் அறை காலி: உள்ளூர் டெவலப்பர் குழுவை நிலைக்க வைப்பது எப்படி?

#1 அரைப்புள்ளி

மாதம் ஒருமுறை கூடும் டெவலப்பர் மீட்டப் (நிரல் எழுதுபவர்களின் சந்திப்பு) ஒன்றுக்கான திட்டம் இது. கையில் இருப்பவை: 40 பேர் அமரும் அறை, ஒரு ப்ரொஜெக்டர், வேலை நேரம் போக உழைக்கத் தயாரான இரண்டு பேர். பணம் இல்லை. முதல் வரைவு: இரண்டு பேச்சு, தலா 45 நிமிடம், கடைசியில் 15 நிமிடம் கேள்வி.

இந்த அமைப்பில் நடக்கும் குழுக்கள் பலவற்றில் ஒரே போக்குதான். முதல் மூன்று கூட்டம் நிரம்பும், ஆறாவதில் பத்துப் பேர், ஒன்பதாவது கூட்டத்துக்கு அறிவிப்பே வராது. எங்கே பிசகுகிறது? "ஆர்வம் முக்கியம்" என்பதுபோல் பொதுவாகச் சொல்லாமல், நேரம், எண்ணிக்கை, வரிசை என்று சொன்னால் பயன்படும்.

#2 மூலக்கிளை

பிசகு உங்கள் வரைவிலேயே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 105 நிமிடம். வந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாய் திறக்க அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. 45 நிமிடப் பேச்சை வீட்டிலேயே உட்கார்ந்து யூடியூபில், வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்துவிடலாம். கிளம்பி வருகிறவர் தேடுவது தன் வேலையைப் புரிந்துகொள்கிற நாலு பேரை. முதல் கூட்டத்தில் அது கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதுக்கு அவர் வரமாட்டார். வராமல் போனதற்குக் காரணமும் சொல்லமாட்டார்.

150 நிமிடத்துக்கு நான் சொல்லும் கணக்கு இது. கதவு திறந்ததும் 20 நிமிடம் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம், மக்கள் வந்து சேரட்டும். வரவேற்பு 5. சுற்றறிமுகம் 20. முதன்மைப் பேச்சு ஒன்றே ஒன்று, 25, கேள்வி 10. இடைவேளை 25, இதில் மட்டும் கை வைக்காதீர்கள். பிறகு மின்னல் பேச்சு மூன்று, தலா 5 நிமிடம். மடிக்கணினி மாற்றும் நேரமும் சேர்த்து 20. மிச்சம் 25 நிமிடம் அறையைப் பூட்டும்வரை நின்று பேச.

சுற்றறிமுகத்துக்கு 20 நிமிடமா என்று தோன்றும். 40 பேர், ஆளுக்கு 30 நொடி. மூன்றே விஷயம்: பெயர், இப்போது கையில் இருக்கும் வேலை, தேடுவது அல்லது தரக்கூடியது. மூன்றாவதுதான் உயிர். "போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ரெப்ளிகேஷன் செய்தவர் யாராவது வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், இடைவேளையில் அவரிடம் இரண்டு பேர் போய் நிற்பார்கள்.

இது பழைய உத்திதான். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் தொடங்கிய, சொந்தமாகக் கணினி கட்டும் ஆர்வலர்களின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பில், லீ ஃபெல்சென்ஸ்டீன் கூட்டத்தை நடத்திய காலத்தில், நிகழ்ச்சியில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று "மேப்பிங்": என்னிடம் என்ன இருக்கிறது, எனக்கு என்ன வேண்டும் என்று அவரவர் எழுந்து சொல்வது. மற்றது "ரேண்டம் ஆக்சஸ்": சொன்னவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதில் யாரிடம் போவது என்றே தெரியாது.

50 பேரைத் தாண்டினால் சுற்றறிமுகம் இழுக்கும். அப்போது சுவரில் "தேடுகிறேன்", "தருகிறேன்" என்று இரண்டு தாள் ஒட்டி, பக்கத்தில் ஒட்டுச்சீட்டும் பேனாவும் வையுங்கள்.

#3 அரைப்புள்ளி

இடைவேளையையும் கடைசி 25 நிமிடத்தையும் ஒன்றாக்கி, முடிவில் 50 நிமிடம் என்று வைத்தால்? நிகழ்ச்சி உடையாமல் போகும்.

#4 மூலக்கிளை

வேண்டாம். "நிகழ்ச்சி முடிந்தது" என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் எழுந்து போகிறவர்கள் யாரையும் தெரியாத புதியவர்கள்தான். மிஞ்சுவது ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்கள். நடுவில் வைத்தால் அடுத்த பகுதிக்காகப் புதியவரும் இருப்பார். இப்போதுதான் கேட்ட பேச்சு, பேச்சைத் தொடங்க ஒரு சாக்கும் கொடுக்கும்.

இடைவேளையில் வட்டமாக நிற்கும்போது ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிற்கும்படி வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள். டெவலப்பர் மாநாடுகள் நடத்தும் எரிக் ஹோல்ஷர் இதற்கு, வாய் திறந்த வட்டமாக வரும் வீடியோ கேம் பாத்திரத்தை வைத்து, "பேக்மேன் விதி" என்று பெயர் வைத்தார். யாராவது அந்த இடத்தில் வந்து நின்றால், மறுபடி ஓர் இடம் திறக்க வேண்டும். சொல்ல 15 நொடி ஆகும். அறையின் அமைப்பே மாறும்.

#5 சுழற்சி

மூலக்கிளை சொன்ன நேரக் கணக்கோடு உடன்படுகிறேன். எல்லா மாதமும் பேச்சு என்பதில்தான் மாறுபடுகிறேன். மாதம் ஒரு நல்ல பேச்சாளர், ஆண்டுக்கு 12 பேர். இரண்டு அமைப்பாளரால் அதைத் தேடித் தாங்க முடியாது. ஒரு மாதம் பேச்சு, அடுத்த மாதம் கைவேலை என்று மாற்றி வையுங்கள்.

ஆயத்தம் குறைவாகக் கேட்பது கோட் ரிட்ரீட் முறை. 2009-இல் தொடங்கியது. இருவர் இருவராக உட்கார்ந்து, கான்வேயின் "கேம் ஆஃப் லைஃப்" (கட்டங்களில் செல்கள் விதிப்படி பிறந்து இறக்கும் விளையாட்டு) கணக்கை, டெஸ்ட்டை, அதாவது கோடு சரியா என்று சோதிக்கும் நிரலை, முதலில் எழுதி முயல வேண்டும். 45 நிமிடம் முடிந்ததும் எழுதியதை அழித்துவிட்டு இணையை மாற்ற வேண்டும். முழு நாளில் ஐந்தாறு சுற்று வரும். மாலைக் கூட்டத்துக்கு இரண்டு சுற்று, ஒவ்வொன்றுக்கும் பின் 10 நிமிட அலசல், மொத்தம் 110 நிமிடம். இரண்டாம் சுற்றில் ஒரு கட்டுப்பாடு கொடுங்கள்: "இஃப் (நிபந்தனைக் கட்டளை) கூடாது", "ஒரு ஃபங்ஷனில் நாலு வரிக்கு மேல் கூடாது". அழிக்கச் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. முடிக்க வேண்டும் என்ற பதற்றம் போய்விடும், அனுபவசாலி கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்.

கேம் ஆஃப் லைஃபைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. நான்கே விதி, ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம், 45 நிமிடத்தில் பெரும்பாலும் முடியாது, எந்த மொழியிலும் எழுதலாம். ஜாவாக்காரரும் பைத்தான்காரரும் ஒரே மேசையில் உட்காரும் அரிய தருணம் அது.

பயிலரங்கு வைப்பதாக இருந்தால் 6 முதல் 8 பேருக்கு ஓர் உதவியாளர் என்ற கணக்கு தேவை. உதவியாளர்கள் அதைவிடக் குறைந்தால் முதல் 40 நிமிடம் இன்ஸ்டால் பிழைகளிலேயே கரைந்துவிடும்.

#6 கம்பிவடம்

பயிலரங்கு என்றதும் நெட்வொர்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

30 பேர், ஆளுக்கு 1.5 ஜிபி டாக்கர் இமேஜ் (மென்பொருளும் அது ஓட வேண்டியவையும் அடங்கிய கட்டு) இறக்கினால் 45 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 7,200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். பயிலரங்கு அதற்குள் முடிந்துவிடும். "வீட்டிலேயே இறக்கி வாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பினாலும் எல்லாரும் செய்து வருவதில்லை. ஆகவே ஐந்தாறு யுஎஸ்பி டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி வையுங்கள். ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யாதீர்கள், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது, எக்ஸ்ஃபேட் போடுங்கள். இமேஜை இரண்டு செயலிக் கட்டமைப்புக்கும் எடுத்து வையுங்கள்: எக்ஸ்86-க்கு ஒன்று, ஆர்ம்-க்கு ஒன்று. புதிய மேக் மடிக்கணினிகள் எல்லாம் ஆர்ம்.

பலர் எதிர்பார்க்காத இன்னொரு சிக்கல்: அறையில் உள்ள 30 பேரும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரிவார்கள். கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ-யை (நிரல்கள் அதனிடம் தகவல் கேட்கும் வழி) உள்நுழையாமல் அழைத்தால் ஓர் ஐபி-க்கு மணிக்கு 60 அழைப்புதான். ஆளுக்கு இரண்டு முறை ஓட்டியதும் அறை முழுவதும் 403 (அனுமதி மறுப்பு) பிழை வரும். எல்லாரும் தங்கள் கோடில்தான் தவறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தீர்வு: தனித்தனி டோக்கன் (உள்நுழைவுச் சாவி), அல்லது பதிலை முன்பே சேமித்துத் தரும் சிறிய உள்ளூர் சர்வர். டாக்கர் ஹப்பும் உள்நுழையாமல் இழுப்பவர்களுக்கு ஐபி அடிப்படையில் வரம்பு வைத்திருக்கிறது.

உள்ளூர் சர்வர் என்றால் ஒரு கவனம். அலுவலக விருந்தினர் வைஃபையில் பெரும்பாலும் ஒரு மடிக்கணினி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். முந்தின நாளே இரண்டு கணினி வைத்துப் பிங் செய்து பாருங்கள். தடை இருந்தால் சொந்த ரூட்டர் ஒன்று போதும், அதற்கு இணைய இணைப்புகூட வேண்டாம்.

#7 அரைப்புள்ளி

நன்றி. பேச்சு நடக்கும் நாளுக்கு? ப்ரொஜெக்டரில் திரை வராமல் பத்து நிமிடம் போவதுதான் எங்கும் காணும் காட்சி.

#8 கம்பிவடம்

பையில் இருக்க வேண்டியவை: யுஎஸ்பி-சி இலிருந்து எச்டிஎம்ஐ மாற்றி இரண்டு, மினி டிஸ்ப்ளேபோர்ட் மாற்றி ஒன்று, எச்டிஎம்ஐ இலிருந்து விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ வடம் இரண்டு, நீட்டிப்புப் பலகை இரண்டு, தரையில் வடத்தை ஒட்ட அகலமான துணி டேப், புதிய பேட்டரி, ஸ்லைடு நகர்த்தும் ரிமோட். வடம் 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண எச்டிஎம்ஐயில் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கலாம். மேசையைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்துவது வடம் மாற்றுவதைவிட எளிது.

எல்லா யுஎஸ்பி-சி துளையிலும் வீடியோ வராது. சில மடிக்கணினியில் ஒரு துளை மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டும். மாற்றி பழுது என்று முடிவு கட்டுமுன் பக்கத்துத் துளையில் சொருகிப் பாருங்கள்.

வெளித் திரையின் தெளிவுத்திறனை 1280×720-க்கு இறக்கிவிடுங்கள். எடிட்டர், டெர்மினல், பிரௌசர் எல்லாம் ஒரேயடியாகப் பெரிதாகும். ஒவ்வொன்றிலும் எழுத்தளவைக் கூட்டித் தடுமாற வேண்டாம். அதன்பிறகும் டெர்மினல் எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஒரு திரையில் 20 வரிக்கு மேல் கோடு இருந்தால் பின்வரிசைக்காரர் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான அறையில் கருந்திரைத் தீம் மங்கிப்போகும், வெள்ளைப் பின்னணிக்கு மாறச் சொல்லுங்கள். சாம்பல் எழுத்தில் கமென்ட் எழுதும் தீம்களில் கமென்ட்டே தெரியாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டுதலின் அளவு, ப்ரொஜெக்டரில் அதற்கு மேலேயே வேண்டும்.

பதிவு செய்வதென்றால் ஒலிக்கே முதலிடம். படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். ஒலி எதிரொலித்தால் ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். சட்டை மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள், அடையாள அட்டையின் கயிறு அதில் உரசக் கூடாது. உச்ச ஒலி -12 முதல் -6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். ஓபிஎஸ் எனும் பதிவு மென்பொருளைப் பயன்படுத்தினால் எம்கேவி கோப்பு வடிவில் பதிவு செய்யுங்கள். சாதாரண எம்பி4-இல் பதிவு செய்யும்போது நடுவில் கணினி நின்றால் கோப்பு முழுவதும் போய்விடும். எம்கேவி-யில் அதுவரை பதிந்தது மிஞ்சும், பிறகு எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம். கேப்சர் கார்டில் (மடிக்கணினித் திரையைப் பதிவுக் கணினிக்குள் வாங்கும் கருவி) வெறும் கருப்புத் திரை வந்தால் பெரும்பாலும் எச்டிசிபி எனும் நகல் தடுப்புதான் காரணம். அப்போது பேச்சாளரின் கணினியிலேயே திரையைப் பதிவு செய்து, ஒலியைத் தனியாக எடுத்துப் பின்னால் இணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் கையை ஒருமுறை தட்டினால் இரண்டையும் பொருத்த ஒரு குறி கிடைக்கும்.

பேச்சாளரிடம் பதிவுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கேள்வி கேட்பவர்களைக் கேமராவில் காட்டாதீர்கள். கேள்வியைப் பேச்சாளர் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். பதிவுக்கும் உதவும், காது மந்தமாக இருப்பவருக்கும் உதவும்.

#9 எண்வரிசை

எத்தனை பேருக்குப் பதிவு திறப்பது என்பதை யாரும் தொடவில்லை. இலவசக் கூட்டத்தில் பதிந்தவர்களில் பாதிப் பேர் வராமல் போவது சாதாரணம். அதை வைத்து "40 இடம், ஆகவே 80 பதிவு" என்று திறப்பது தவறு. பாதி என்பது சராசரி. ஏறக்குறைய பாதி மாதங்களில் அதற்கு மேலே வருவார்கள், அந்த மாதங்களில் ஆட்கள் சுவரோரம் நிற்பார்கள்.

70 பதிவு என்றால் எதிர்பார்ப்பு 35, திட்டவிலக்கம் (அதிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) சுமார் 4. அறை வழியும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. 60 பதிவு என்றால் எதிர்பார்ப்பு 30, வழியும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இந்தக் கணக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுப்பதாக நினைக்கிறது. மழை வந்தால் எல்லாரும் சேர்ந்து வராமல் இருப்பார்கள், பேர்பெற்ற பேச்சாளர் என்றால் எல்லாரும் சேர்ந்து வருவார்கள். ஆகவே முதல் மூன்று கூட்டம் 60-இல் நிறுத்தி, உங்கள் சொந்த விகிதத்தைக் கண்ட பிறகு கூட்டுங்கள்.

நினைவூட்டல் மூன்று: 7 நாள் முன், முந்தின நாள், அன்று காலை. மூன்றிலும் முதல் வரியிலேயே "வரமுடியாவிட்டால் இங்கே அழுத்தி விடுவியுங்கள், காத்திருப்பவர் ஒருவருக்கு இடம் கிடைக்கும்" என்று இருக்க வேண்டும். விடுவிக்கும் பொத்தானை அடியில் புதைத்து வைத்தால் யாரும் தேடமாட்டார்கள்.

#10 சுழற்சி

சிறிய முன்பணம் வாங்கி, வந்தவருக்குத் திருப்பிக் கொடுத்தால் வராமை குறையுமே?

#11 எண்வரிசை

குறையலாம். அதன் விலையையும் பாருங்கள். ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் உரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிசினியும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சிறு அபராதம் வைத்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. குற்ற உணர்வு இருந்த இடத்தில் விலை வந்து உட்கார்ந்துவிட்டது. "பணம் கட்டியாயிற்று, வராவிட்டால் என்ன" என்று நினைக்க மீட்டப்பிலும் இடமுண்டு. தவிர, திருப்பிக் கொடுக்கும் கணக்கு வேலை இரண்டு பேர் தலையில்தான் விழும். இன்ஸ்டால் ஆயத்தமும் உதவியாளர் எண்ணிக்கையும் பதிவை நம்பியிருக்கும் பயிலரங்குக்கு மட்டும் வாங்கலாம். மாலைக் கூட்டத்துக்கு வேண்டாம்.

வருகை எண்ணிக்கையை வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். நான் பார்க்கச் சொல்லும் எண் ஒன்றுதான்: முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று கூட்டங்களுக்குள் மறுபடி வந்தார்கள். ஒரு விரிதாளில் மின்னஞ்சல், வந்த தேதி என்று இரண்டு பத்தி இருந்தாலே இதைக் கணக்கிடலாம். ஒவ்வொரு மாதமும் 30 பேர் வந்து அதில் 25 பேர் புதியவர்கள் என்றால், குழு வளர்வதுபோல் தெரியும், உண்மையில் ஒழுகுகிறது. அறிவிப்பு சென்று சேரும் வட்டம் தீர்ந்துபோகும் நாளில் அறை திடீரெனக் காலியாகும். அரைப்புள்ளி முதலில் கேட்ட "ஆறாவதில் பத்துப் பேர்" பெரும்பாலும் இதுதான். அந்தப் பட்டியலை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்காதீர்கள், வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

#12 வெளிக்கோடு

அந்த ஒழுகலுக்குக் காரணத்தை வாசலிலும் பாருங்கள். நேரத்துக்கு வரும் புதியவர் யாரையும் தெரியாமல் நிற்கும் முதல் ஐந்து நிமிடம் மிக நீளமானது. வாசலில் ஒருவர் முழுநேரமாக நிற்க வேண்டும்; அவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். வேலை எளிது: பெயர் கேட்பது, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவது, "என்ன செய்கிறீர்கள்" என்று கேட்டு, அதே துறையில் இருக்கும் ஒருவரிடம் அழைத்துப் போய் விடுவது. பெயரைத் தனியாகச் சொல்லி அறிமுகம் செய்யாதீர்கள், ஒரு பிடியும் சேர்த்துக் கொடுங்கள்: "இவரும் ஆண்ட்ராய்டு, கோட்லினுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்."

நடத்தை விதிக்கு வருகிறேன். பலரும் காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் எனும் ஆயத்த விதித்தொகுப்பை அப்படியே ஒட்டிவைக்கிறார்கள். 2014-இல் கோரலைன் அடா எம்கி எழுதிய அது திறமூலத் திட்டங்களுக்கானது. நேரில் கூடும் அறைக்கு அதில் இல்லாதவை வேண்டும்: படம் எடுக்கச் சம்மதம், கூட்டம் முடிந்து வெளியே தொடரும் சந்திப்புக்கும் விதி பொருந்துமா, ஒருவரை அறையிலிருந்து வெளியே அனுப்பும் அதிகாரம் யாருக்கு. விதியில் புகார் சொல்ல இரண்டு பேரின் தொடர்பு விவரம் இருக்க வேண்டும், இருவரும் ஒரே அலுவலகத்தவராகவோ நெருங்கிய நண்பராகவோ இருக்கக் கூடாது. புகார் அந்த இருவரில் ஒருவரைப் பற்றியே வரலாம்.

புகார் வந்தால் வரிசை இதுதான். சொன்னவரைத் தனியிடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இப்போது அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். அன்றிரவுக்கான முடிவை உடனே எடுங்கள். நிரந்தர முடிவை ஓரிரு நாளில், குழுவாக, எழுத்தில். புகார் சொன்னவருக்கு முடிவைத் தெரிவியுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டால், "சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை" என்றே அவர் நினைப்பார், அடுத்தவருக்கும் அதையே சொல்வார்.

பெரிய குற்றம் எதுவும் இல்லாமலேயே ஆட்களை விரட்டும் சின்னப் பழக்கங்களும் உண்டு. நிரலாளர்கள் கூடிக் கற்கும் இடமான நியூயார்க்கின் ரிகர்ஸ் சென்டர் நான்கு சமூக விதி வைத்திருக்கிறது. அதில் இரண்டு மீட்டப்புக்கு நேராகப் பொருந்தும். ஒன்று, "கிட் தெரியாதா!" (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) என்று வியப்புக் காட்டக் கூடாது. இன்னொன்று, பேச்சின் போக்குக்குத் தேவையில்லாத சிறு பிழையைத் திருத்த இடைமறிக்கக் கூடாது. கேள்வி நேரத்தில் கேள்வியாக இல்லாமல் தன் அறிவைச் சொல்ல எழும் ஒருவரை நடத்துநர் உரிய இடத்தில் நிறுத்த வேண்டும்: "இதை இடைவேளையில் தொடரலாம், அடுத்த கேள்வி." இந்த வரியை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் வாய்க்கு வராது.

வாட்ஸ்அப் குழுவைப் பொதுக் குழுவாக வைப்பதை யோசித்துச் செய்யுங்கள். சேர்ந்தவரின் தொலைபேசி எண் மற்றவர்களுக்கும் தெரியும். பல பெண்கள் அதனாலேயே சேராமல் விடுகிறார்கள். எண் வெளிப்படாத தளம் வேண்டும்: டிஸ்கார்ட், ஸூலிப், மேட்ரிக்ஸ் எதுவானாலும். தொடக்கத்தில் மூன்று சேனல் போதும்: அறிவிப்பு, பொது, வேலைவாய்ப்பு. இருபது சேனல் திறந்தால் இருபதும் வெறிச்சோடித் தெரியும்.

#13 அரைப்புள்ளி

பேச்சாளர்கள்? "யார் பேச விரும்புகிறீர்கள்" என்று படிவம் வைத்தால் வருவது தன் நிறுவனத்தின் பொருளை விற்க வருபவர் மட்டும்.

#14 மூலக்கிளை

படிவம் காத்திருக்கும் கருவி. நீங்கள் தேட வேண்டும். "ஏதாவது பேசுங்களேன்" என்றால் நல்லவர்கள் எல்லாரும் "எனக்கு அவ்வளவு தெரியாது" என்பார்கள். சுற்றறிமுகத்தில் காதைத் தீட்டி வையுங்கள். ஒருவர் "மெதுவாக ஓடிய டேட்டாபேஸ் குவெரியைச் சரிசெய்தேன்" என்றால், இடைவேளையில் போய், "அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம், ஐந்து ஸ்லைடு, சொல்வீர்களா?" என்று கேளுங்கள். தலைப்பு, நீளம், தேதி மூன்றையும் நீங்களே கொடுத்தால் ஒப்புக்கொள்வது எளிது. ஐந்து நிமிடம் பேசியவர் மூன்று மாதத்தில் 25 நிமிடம் பேசுவார். மின்னல் பேச்சை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்குத்தான்.

இதில் இக்னைட் முறையைத் திணிக்காதீர்கள். 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 15 நொடியில் தானாக நகரும். 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சாவும் அதே வகை, 20 ஸ்லைடு, 20 நொடி. பழகியவர் கையில் அழகாக இருக்கும். முதல்முறை பேசுபவர் மூன்றாவது ஸ்லைடில் தவறவிட்டால் கடைசிவரை துரத்திக்கொண்டே ஓடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னதாகவே பேச்சாளர் வரிசை நிரம்பியிருக்க வேண்டும், கூடவே கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் பேச ஆயத்தமான ஒரு மாற்றுப் பேச்சு. 10 நாள் முன் வீடியோ அழைப்பில் ஓர் ஒத்திகை. ஒத்திகையில் நான் பார்க்கும் குறைகள் எப்போதும் இவையே: முதல் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிய அறிமுகத்தில் போவது, எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம் என்று சொல்லாமல் தீர்வுக்குத் தாவுவது, நேரலை டெமோவுக்கு மாற்று இல்லாதது. டெமோவை முன்பே வீடியோவாக எடுத்துக் கணினியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். டெர்மினல் ஹிஸ்டரியிலும் என்வ் கோப்பிலும் (ரகசிய அமைப்புகளை வைக்கும் கோப்பு) இருக்கும் ஏபிஐ சாவிகள் திரையில் தெரியும், பதிவில் நிரந்தரமாகும். டெமோவுக்கென்று தனிக் கணக்கு, கூட்டம் முடிந்ததும் அந்தச் சாவியை ரத்து செய்தாக வேண்டும். அலுவலக வேலையைப் பற்றிப் பேசுவதென்றால் மேலாளரின் அனுமதி கிடைத்ததா என்று ஒத்திகையிலேயே கேளுங்கள். முந்தின நாள் வரும் மறுப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

மொழியையும் தீர்மானித்து அறிவியுங்கள். ஸ்லைடில் கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் அறையில் இருப்பவர்களின் பேச்சுமொழியில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் என்று சொன்ன கணத்தில் கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை சுருங்கிவிடும். நல்ல பேச்சாளர்களில் பாதிப் பேரையும் இழப்பீர்கள்.

#15 பொதுச்சாவி

யாரும் கவனிக்காத இடம் கணக்குகள். டொமைன் ஒருவரின் சொந்தக் கணக்கில், சமூக வலைத்தளக் கடவுச்சொல் இன்னொருவர் தொலைபேசியில், வீடியோக்கள் மூன்றாமவர் சேனலில். ஒருவர் ஊர் மாறினாலே குழு முடங்கும். முதல் கூட்டத்துக்கு முன்பே: குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல், எல்லாக் கணக்கும் அதில், பகிரப்பட்ட கடவுச்சொல் பெட்டகம், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளும் அதே பெட்டகத்தில், ஒவ்வொரு சேவையிலும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள், டொமைன் புதுப்பிக்கும் தேதி இருவர் நாட்காட்டியிலும்.

கூட்டங்களை அறிவிக்கும் தளமான மீட்டப் டாட் காம் புதியவர்களைக் கொண்டுவரும், மறுக்கவில்லை. ஆனால் சந்தா அமைப்பாளர் தலையில், அடிப்படைச் சந்தாவில் உறுப்பினர் மின்னஞ்சல்கள் உங்களுக்குக் கிடைக்காது, அமைப்பாளர் விலகினால் குழுவை வேறு உறுப்பினர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே வந்தவர்களிடம் சம்மதம் பெற்றுச் சொந்த மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே வளர்த்து வாருங்கள்.

ஸ்பான்சரிடம் பணத்தைவிட இடம், மின்சாரம், பதிவுக் கருவி கேட்பது நல்லது, கணக்கு எழுதும் வேலை மிச்சம். நிபந்தனையை ஒரு பக்கத்தில் முன்பே எழுதிக் கொடுங்கள்: தொடக்கத்தில் 3 நிமிடம் பேசலாம், வாசலில் பலகை வைக்கலாம், வருகையாளர் பட்டியல் எக்காரணத்துக்கும் கிடையாது, பேச்சுத் தலைப்பில் தலையிட முடியாது. பட்டியலை ஒருமுறை கொடுத்துவிட்டால், வேலைக்கு ஆள் தேடும் அழைப்புகள் உறுப்பினர்களுக்குப் போகும். எங்கிருந்து எண் போனது என்று அவர்களுக்கு உடனே புரியும். பணம் வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். வரவு செலவைத் திறந்து காட்டும் ஓபன் கலெக்டிவ் போன்ற ஏற்பாடு, அல்லது பதிவுபெற்ற ஓர் அமைப்பின் கீழ்; செலவுக்கு இரண்டு கையெழுத்து.

#16 அரைப்புள்ளி

வாசலில் ஒருவர், நடத்துபவர் ஒருவர், ஒலி-ஒளி ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர். நான்கு வேலை, இரண்டு ஆள்.

#17 மூலக்கிளை

மறுபடி வந்தவர்களிடம் கேளுங்கள், முதல்முறை வந்தவரிடம் வேண்டாம். "தன்னார்வலர்கள் தேவை" என்று குழுவில் எழுதினால் பதில் வராது. "அடுத்த கூட்டத்தில் மின்னல் பேச்சுக்கு நேரம் பார்க்கிறீர்களா? 4 நிமிடத்தில் மஞ்சள் அட்டை, 5-இல் சிவப்பு, அவ்வளவுதான்" என்று ஒருவரைப் பார்த்துக் கேட்டால் வரும். கூட்டத்தில் ஒரு வேலை இருப்பவர் அடுத்த மாதமும் வருவார்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். கைமாற்றம் மூன்று கூட்டத்தில்: முதலில் பக்கத்தில் நின்று பார்ப்பார், அடுத்து சேர்ந்து செய்வார், மூன்றாவதில் தனியாகச் செய்வார், நீங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். குறிப்பில் விடுபட்டவை அந்த மூன்றாவது கூட்டத்தில் தெரியும், அன்றிரவே சேர்த்துவிடுங்கள். பொறுப்பு ஆறு மாதத்துக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள். முடிவு தெரிந்தால் ஏற்பதும் எளிது, கௌரவமாக விலகுவதும் எளிது.

தேதியை மாதாமாதம் வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்யாதீர்கள். "இரண்டாம் சனிக்கிழமை" என்று நிறுத்திவிட்டால் ஆண்டு முழுவதற்குமான அறிவிப்பு வேலை பாதியாகக் குறையும்.

#18 சுழற்சி

கடைசியாக ஒன்று. முதல் கூட்டத்துக்கு ஆறே பேர் வந்தால் என்ன செய்வது என்று இன்றே முடிவு செய்து வையுங்கள். 40 நாற்காலியில் 34 காலியாக இருக்கும் அறையில் ஆறு பேருக்குப் பேசுவது பேச்சாளருக்கும் கேட்பவர்க்கும் கொடுமை. ஆகவே தொடக்கத்தில் 15 நாற்காலி மட்டும் போடுங்கள், மற்றவை சுவரோரம் அடுக்கி இருக்கட்டும்; ஆட்கள் வர வர எடுத்துப் போடலாம். பத்துக்குக் குறைந்தால் ப்ரொஜெக்டரை அணைத்து, நாற்காலிகளை ஒரே மேசையைச் சுற்றிப் போட்டு, பேச்சாளரின் மடிக்கணினியை நடுவில் வைத்துக் கோடைத் திறந்து பேசச் சொல்லுங்கள். கேள்விகள் இடையிலேயே வரட்டும், 25 நிமிடக் கணக்கு வேண்டாம்.

#19 அரைப்புள்ளி

15 நாற்காலி, குறித்துக்கொண்டேன். மாற்றிய நிரலையும் நான்கு வேலைக்கான ஒரு பக்கக் குறிப்புகளின் வரைவையும் இங்கேயே இடுகிறேன். கம்பிவடம், ஒலி-ஒளிக் குறிப்பை மட்டும் நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்.

#20 கம்பிவடம்

போடுங்கள், பார்க்கிறேன். அறையின் நீளம், திரையின் அகலம், மின்துளைகள் எந்தச் சுவரில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி வரிசைக்கு எழுத்தளவு போதுமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.